2024–25 செயலாளர் ஆண்டறிக்கை: குழு சேர்ந்த விதம்

நம் கலை மன்றத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தக்கலை, குளச்சல் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஐப்பசியில் மட்டும் மழை விடவில்லை. சந்தா பாக்கிக்காரர்களின் பெயரை மேடையில் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டதால் அவர்கள் தப்பித்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஆள் கூடிக்கொண்டே போகிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்று 2022இல் வரம்பை உயர்த்தினார்கள். நாம் அதைத் தொடப்போவதில்லை, காலை வணக்கப் படங்கள் தொட்டுவிடும் போலிருக்கிறது.

விரிவாகச் சொல்ல வேண்டியது பேச்சிப்பாறை வில்லிசையைப் பற்றித்தான். 1906இல் கட்டி முடித்த அணையைக் கதையாகப் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டவர், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர். பாட நம்மிடம் புலவர் உண்டு, குடம் அடிக்க ஆள் உண்டு. இருவரும் பல வருடம் கோயில் கொடை விழாக்களில் சேர்ந்து பாடியவர்கள். கூட இருந்த உடுக்கைக்காரர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். வாட்ஸ்அப் குழுவில் வேறு ஆள் கேட்டோம். எல்லோரும் அந்த வளைகுடா அண்ணன் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

கடைசியில் ஆள் கிடைத்தது வேறு வழியில். நம் கல்லூரி மாணவி ஒருவர் செய்தியைத் தன் விடுதித் தோழிகளின் குழுவுக்கு அனுப்பினார். அதில் ஒருவருடைய அண்ணன் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். கோயிலில் உடுக்கை அடிப்பவர். அந்தத் தோழியை நம் மாணவிக்கே அவ்வளவாகப் பழக்கமில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே இதை எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் என்றது 100க்கு சுமார் 17 பேர்தான். மற்றவர்களுக்கு அது எப்போதாவது, இல்லை அபூர்வமாகப் பார்க்கிற ஆள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அரைகுறைப் பழக்கக்காரர்தான் வேறு கூட்டத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். ஒத்திகையையும் போனிலேயே முடித்துவிடலாம் என்று இளைஞர்கள் நினைத்தார்கள். அவர் உடுக்கை அடித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார். கயிற்றை அழுத்தித் தளர்த்தும்போது உடுக்கை கொஞ்சுமே, அந்த ஓசை நசுங்கித் தகர டப்பா மாதிரி வந்தது. தனியாகப் பதிவு செய்து ஃபைலாக அனுப்பியபோது ஓசை சரியானது, தாளம் சேரவில்லை. நேரில் வரச் சொன்னோம். காலையில் பால்வெட்டு இருப்பதால் பிற்பகல்தான் அவருக்குத் தோது. வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. புலவர் பாட்டை நிறுத்தும் முன் வில்லைத் தட்டும் வீசுகோலை நாணிலேயே வைத்துத் தலையை லேசாகச் சாய்ப்பார். குடக்காரர் அந்தச் சாய்வைப் பார்த்துக் கையை எடுப்பார். இருவருக்கும் அது பழகிப்போய், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. புதியவர் மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டார். அது மட்டுமல்ல, மலையோரக் கோயில்களில் அடிக்கும் ஒரு தாள நடையை அவர் அணை உடைப்பெடுக்குமோ என்று ஊர் பயப்படும் இடத்தில் நுழைத்தார். புலவர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் அந்த இடத்தில் தன் பாட்டையே மாற்றிக்கொண்டார்.

பிரையன் உஸ்ஸியும் ஜாரெட் ஸ்பைரோவும் 1945 முதல் 1989 வரையிலான பிராட்வே இசை நாடகங்களின் கலைஞர்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை சொல்வதும் ஏறக்குறைய இதுதான். கலைஞர்களுக்கிடையே தொடர்பு மிகக் குறைவாக இருந்தாலும் நாடகம் எடுபடவில்லை, எல்லோரும் எல்லோரோடும் பின்னிக் கிடந்தாலும் எடுபடவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் வெற்றி. நம் ஊருக்கு இது புதிதல்ல. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். அவர் நடித்து 1936இல் வந்த ‘சதி லீலாவதி’யில் எம்.ஜி.ஆர். வேறு கம்பெனியிலிருந்து வந்தவர். இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனோ தமிழே தெரியாத அமெரிக்கர்.

முழுக்க முழுக்க இன்ஸ்டாகிராமில் ஆள் சேர்த்துத் தொடங்கிய குறும்படம் முதல் நாளோடு நின்றது. கேமரா நன்றாக இருந்தது, கதையும் மோசமில்லை. இயக்குநர்கள்தான் மூன்று பேர்.

பெயர் போடும் தகராறு ஒன்றும் வந்தது. வில்லிசையில் உடுக்கைப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி ரீல்ஸாகப் போட்டார்கள். நிகழ்ச்சிக்கு வந்தவர்களைவிட அதைப் பார்த்தவர்கள் அதிகம். கலைஞர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. குலசேகரத்துக்காரர் கேட்டது நியாயமான கேள்வி: “என் கை தெரியுது, என் பேரு எங்க சார்?” இனி ஒத்திகை தொடங்கும் முன்பே பெயர்ப்பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது, இன்ஸ்டாகிராமில் போடும்போது 2021இல் வந்த ‘கொலாப்’ வசதியில் கலைஞரின் கணக்கையும் சேர்ப்பது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

இன்னொரு தீர்மானத்துக்கு எதிர்ப்பு இருந்தது, ஆனாலும் நிறைவேறியது. நம் பாட்டாசிரியர் தூத்தூர்க்காரர். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் சிக்னல் கிடையாது. அவர் கடலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்து, பத்தே நிமிடத்தில் ஒரு சரணத்தைத் தூக்கிவிட்டார்கள். இனி எழுதியவர் கரை திரும்பும்வரை வரியில் கை வைக்கக் கூடாது. தாமதமாகும் என்கிறார்கள். ஆகட்டும்.

வரும் ஆண்டு தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களோடு கல்லூரி மாணவர்களைச் சேர்த்து ஒரு பயிற்சி நடத்த எண்ணம். இருட்டாக்கக்கூடிய கூடம் வேண்டும்; தெரிந்தவர்கள் சொல்லவும், உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமும் கேட்டுச் சொல்லவும். மன்றத்தின் மைக் ஸ்டாண்ட் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள் கொண்டுவந்து தந்துவிடவும். வரவு செலவுக் கணக்கை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார்.