துட்டு கேட்டு எழுதும் கடிதம்

பாளையங்கோட்டை,
ஐப்பசி மாதம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தது. மதினிக்கு முட்டுவலி தணிந்து மச்சுப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. வண்ணாரப்பேட்டைப் பக்கம் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தேன், செக்கச்செவேல் என்று போகிறது. பிசான நெல்லுக்குத் தண்ணீர்க் கவலை இருக்காது.

மகள் எழுதிய ரெண்டு கடிதத்தையும் கூடவே வைத்து, திருத்தித் தரச் சொல்லியிருந்தாய். நிதானமாகப் படித்தேன். பிள்ளைக்கு நடை நன்றாக வருகிறது. ஆனால் சென்னைக் கடைக்காரரிடம் அப்பளப் பாக்கி கேட்டு எழுதிய கடிதம் இப்படியே போகக்கூடாது. "தாங்கள் கருணை கூர்ந்து", "எங்கள் ஏழ்மை நிலையை மனதில் கொண்டு", "தாழ்மையுடன் மன்றாடி" என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள். எந்த பில், எவ்வளவு தொகை, என்றைக்கு வரவேண்டியது என்பது ஒரு இடத்திலும் இல்லை.

அவளைக் குறை சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததே ரெண்டு வகைக் கடிதம்தான். ஒன்று விடுப்பு விண்ணப்பம், மற்றது தெருவிளக்கு கேட்டு மனு. ரெண்டிலும் எழுதுகிறவன் கீழே நிற்கிறான், படிக்கிறவர் மேலே இருக்கிறார். அந்தப் பழக்கத்திலேயே வியாபாரக் கடிதமும் எழுத வருகிறோம். உன் மகள் உளுந்து வாங்கி, மாவாக்கி, பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைந்து, தேய்த்து, காயவைத்து அனுப்பிய சரக்குக்கு விலை கேட்கிறாள். வாங்கினவரும் விற்றவளும் சமம். மரியாதை வேண்டும், கெஞ்சல் வேண்டாம்.

அலுவலகத்தில் இத்தனை வருஷம் கடிதப் போக்குவரத்தே என் சோலியாக இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. நாம் யாருக்கு எழுதுகிறோமோ அவர் கையில் கடிதம் நிற்காது. கடை முதலாளி அதைக் கணக்குப் பிள்ளைக்குத் தள்ளிவிடுவார். அந்தக் கணக்குப் பிள்ளைக்கு உங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சியும் தெரியாது, உன் மகளையும் தெரியாது. பில் எண் இல்லாவிட்டால் அவர் தேடவேண்டும், தேட நேரமில்லாவிட்டால் ஓரமாக வைத்துவிடுவார். அவரைத் தேடவிடாமல் எல்லாத்தையும் ஒரே இடத்தில் கொடுப்பதைத்தான் நான் மரியாதை என்பேன். "தாழ்மையுடன்" என்று பத்து தடவை எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

அவள் அனுப்பிய பில்லைப் பார்த்து நான் எழுதியது இது:

"பொருள்: பில் எண் 118 – அப்பளம் – ரூ. 36,400 – நிலுவை.

ஐயா, வணக்கம். தாங்கள் கேட்டிருந்த அப்பளம் ஆகஸ்ட் 20 அன்று தங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது. அதற்கான பில் எண் 118, தொகை ரூ. 36,400. போனில் பேசியபடி 30 நாளில், அதாவது செப்டம்பர் 19க்குள், வரவேண்டிய தொகை இன்னும் வரவில்லை. அக்டோபர் 31க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பில்லில் திருத்தம் ஏதும் இருந்தால் தெரிவியுங்கள், உடனே சரிசெய்து அனுப்புகிறேன். முன்பே செலுத்தியிருந்தால் பரிவர்த்தனை எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். பில்லும் லாரி ரசீதும் இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். கடைசியில் "முன்பே செலுத்தியிருந்தால்" என்று இருக்கிறதே, அதை எடுத்துவிட வேண்டாம். நமக்குத் தெரியாமல் துட்டு வந்திருக்கவும் கூடும். வராவிட்டாலும், கொடுக்க மறந்தவர் முகம் சுளிக்காமல் கொடுக்க அந்த வரி வழி விடுகிறது.

மின்னஞ்சல் என்றால் அந்தப் பொருள் வரியை அப்படியே தலைப்பாகப் போடச் சொல். அவள் "வணக்கம் சார்" என்று தலைப்புப் போட்டிருந்தாள், ஆறு மாதம் கழித்து அதை யார் தேடி எடுப்பது? இணைப்புக்கும் "ஸ்கேன் 1" என்று பேர் வேண்டாம், கடை பேரும் பில் எண்ணும் போதும். முதல் கடிதத்திலேயே முதலாளிக்கும் அவர் மகனுக்கும் நகல் போடுவது கோள் சொல்வதுபோல் ஆகிவிடும். கணக்குப் பிள்ளையிடமிருந்து பதிலே வராவிட்டால் பிறகு போடலாம்.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறாளாம். பழகுவதற்கு அது சரி. கணக்கு விஷயத்தில், போனில் பேசி முடித்த அன்றைக்கே "இன்று பேசியபடி" என்று தொடங்கி அளவு, விலை, எத்தனை நாளில் பணம் என்று மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பி, "சரி" என்று பதிலும் வாங்கிவிட வேண்டும். 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தையும் எழுத்தாக ஏற்கிறது.

எழுத்து ஏன் முக்கியம் என்றால், அவள் 30 நாள் என்று பேசியது வாய்ப்பேச்சு. 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாளில் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. இது தயாரிக்கிறவர்களுக்கு உண்டு, வாங்கி விற்கிற வியாபாரிகளுக்குக் கிடையாது. அவளிடம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த சான்று, இருக்கிறதா என்று முதலில் கேள். இல்லாவிட்டால் அடுத்த சரக்கு போவதற்குள் பதியட்டும்.

இருந்தாலும் இதை முதல் கடிதத்தில் எழுதவேண்டாம். ரெண்டாவதிலும் பதில் இல்லையென்றால், மூன்றாவதில் ஒரே வரி போதும். 2023 நிதிச் சட்டத்தில் வந்த விதிப்படி, குறு, சிறு தொழில்காரருக்குக் கெடுவுக்குள் தராமல் மார்ச் முடிந்தால், வாங்கினவர் அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். "தங்கள் ஆண்டுக் கணக்குக்கும் இது உதவும் என்பதால் நினைவூட்டுகிறேன்" என்று எழுதினால் கணக்குப் பிள்ளைக்குச் சட்டென்று புரியும். ஏசி எழுதுவதைவிட இது நடக்கும். ஏசிவிட்டால் அந்தக் கடைக்கு அப்புறம் அப்பளம் போடமுடியாது. அதற்கும் அசையாவிட்டால், விஷயத்தை அரசு இதற்கென்றே அமைத்திருக்கும் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம்.

அவள் எழுதிய ரெண்டாவது கடிதம், மழையால் சரக்கு தாமதமாவது பற்றியது. கெடு வருவதற்கு முன்னாலேயே எழுத நினைத்தாளே, அதற்கே அவளைப் பாராட்டவேண்டும். ஆனால் மழை எப்படிப் பெய்கிறது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். கடைக்காரருக்கு வேண்டியது இப்போது எத்தனை கட்டு வரும், மீதி என்றைக்கு வரும் என்பதுதான். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பமார் அன்னதானத்துக்கு அப்பளம் கேட்டு வருவார்கள். "அவசரமென்றால் இந்த முறை மீதியை வேறிடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு வருத்தமில்லை" என்று அவளே எழுதட்டும். அப்படி எழுதுகிறவரிடம் மறுபடியும் வருவார்கள், இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அவளை இங்கே வரச்சொல். பில் புத்தகமும் லாரி ரசீதுகளும் மறக்காமல் கொண்டுவரட்டும், மாமாவும் மருமகளுமாக உட்கார்ந்து மற்ற பாக்கிகளுக்கும் எழுதிவிடுகிறோம். மழை விட்டிருந்தால் நீயும் மதினியும் கூடவே வாருங்கள். வீட்டில் சொதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பாளையங்கோட்டை நண்பன்