நர்ஸ்களும் நிர்வாகிகள்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவமனை நிர்வாகம் என்று பேச்சு வந்தாலே டாக்டர்களைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள், நர்ஸ் என்றால் சேவை, தியாகம், அதோடு சரி. அமெரிக்காவின் மர்லின் டேவனரைப் பாருங்கள். ரிச்மண்டில் நர்ஸாக இருந்தவர், அங்கேயே ஜான்ஸ்டன்-வில்லிஸ் மருத்துவமனைக்குத் தலைமை நிர்வாகியானார், அப்புறம் வர்ஜீனியா மாநிலச் சுகாதாரச் செயலாளர், பிறகு முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் என்ற இரண்டு அரசு மருத்துவக் காப்பீடுகளையும் நடத்தும் அமைப்பின் தலைவராக 2015 வரை இருந்தார். அந்தப் பதவிக்கு 2013-ல் செனட் 91-7 என்ற வாக்குக் கணக்கில் ஒப்புதல் தந்தது. ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை வைத்து இரு கட்சிகளும் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது! அதே ஆண்டு அக்டோபரில் அந்தச் சட்டத்தின் காப்பீட்டு இணையதளம் தொடங்கியதுமே படுத்துவிட, நாடாளுமன்றக் குழு முன் மன்னிப்புக் கேட்டவரும் இவர்தான். சறுக்கலையும் சேர்த்தே எழுதுங்கள், மே 12 செவிலியர் தினம் வரை காத்திருக்காமல்.

- ஒரு வாசகர்