மாப்பிள்ளையின் சி.டி. ஸ்கேன்: டோஸ் பக்கம்

அன்புள்ள கயல்,

மாப்பிள்ளைக்குக் கல்லடைப்பு வலி தணிந்தது கேட்டு நிம்மதி. நீ அனுப்பிய ஸ்கேன் படங்களோடு கதிர்வீச்சு அளவைக் காட்டும் டோஸ் பக்கமும் இருந்தது நல்லதாயிற்று. யாரோ "ஐந்நூறு எக்ஸ்ரே எடுத்ததற்குச் சமம்" என்று உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயே 0.02 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவுதான். அத்தனை சிறியதை அளவுகோலாக வைத்தால் எதுவும் பூதமாகத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் சி.டி.டி.ஐ. என்றிருப்பது பிளாஸ்டிக் உருளையில் அளந்த மதிப்பு, அவர் உடம்பு வாங்கியது அல்ல. அதை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியதுதான் டி.எல்.பி. வயிறும் இடுப்பும் சேர்ந்த ஸ்கேன் என்றால், பெரியவர்களுக்கு டி.எல்.பி.யை 0.015ஆல் பெருக்கு. அவருக்கு மொத்தம் 620, ஆக 9.3 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நமக்கு வருவது உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4, கிட்டத்தட்ட நான்கு வருடக் கணக்கு. 10 மில்லிசீவர்ட்டுக்குப் பிற்காலத்தில் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 2000இல் ஒன்று கூடும் என்பார்கள். அதுவும் அதிக டோஸ் வாங்கியவர்களின் விவரத்திலிருந்து கீழ்நோக்கிக் கணித்தது. தனி ஒருவருக்கான ஜாதகம் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பக்கத்தில் இரண்டு வரிசை இருக்கிறது: பிளெயின் (மருந்து ஏற்றாமல் எடுத்தது) 310, கான்ட்ராஸ்ட் (படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்தை நரம்பில் ஏற்றி எடுத்தது) 310. கல்லைப் பார்க்க மட்டும் என்றால் பிளெயினே போதும். மருந்து சிறுநீரில் இறங்கிய பிறகு எடுத்தால் கல் அந்த வெள்ளையிலேயே மறைந்துவிடும். காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் என்று டாக்டருக்கு வேறு சந்தேகம் இருந்திருக்கலாம். சண்டை போடாமல் காரணம் கேள்.

மறுபடி வலி வந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட், அதில் கதிர்வீச்சே கிடையாது. சி.டி. தேவைப்பட்டால் "லோ டோஸ் கே.யு.பி. செய்வீர்களா?" (சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பைக்குக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி.) என்று கேட்கலாம், டி.எல்.பி. 200க்குள் முடித்துவிடலாம். உடம்பு மிகப் பருமனானால் படம் புள்ளிபுள்ளியாகிச் சின்னக் கல் தப்பும், அவருக்கு அந்தக் கவலை இல்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கச் சொல். பக்கவாட்டில் இருந்தால் குறுக்கே எலும்பு கூடுகிறது என்று மெஷின் டோஸை ஏற்றிவிடும்.

பிலிமோடு விடாமல் ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் சிடி தட்டையும் வாங்கி வை. ஆஸ்பத்திரி மாறும்போது மறு ஸ்கேன் எடுக்கச் சொல்வது பெரும்பாலும் அது இல்லாததால்தான்.

0.015ஐ வைத்துக் குழந்தைக்குக் கணக்குப் போடாதே. அந்த வயதுக்கு எண் கூடுதல். ஆனால் தலையில் பலமாக அடிபட்டு டாக்டர் சி.டி. கேட்டால் தயங்காமல் எடு.

போன வருடம் அவருக்கு எடுத்த ஸ்கேனின் டோஸ் பக்கம் கிடைத்தால் அதையும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா