பீடிக் கடைக்கு நடக்கிறவர்களையும் எண்ணுங்கள்

நெல்லை வட்டாரத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் வரையும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மேலப்பாளையத்துக்காரி. உம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள்.

ஏழைகளும் சிறுபான்மையினரும் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பேருந்து விட வேண்டும். சரி, எப்படிப் பார்ப்பீர்கள்? "வேலைக்கு எதில் போகிறீர்கள்?" என்று உம்மாவிடம் கேட்டிருந்தால், "நான் எங்க போறேன், வீட்லதான கெடக்கேன்" என்றிருப்பாள். படிவத்தில் பூஜ்யம் விழுந்திருக்கும். ஆனால் சுற்றிய பீடியைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கடைக்கு நடப்பாள், இலையும் தூளும் வாங்கித் திரும்புவாள். ரேஷனுக்குத் தனி நடை. இருமல் முற்றினால் ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, அன்றைக்குக் கூலி கிடையாது. அந்தக் கூலியை நினைத்தே பல தடவை போகாமல் இருந்துவிட்டாள். முக்கூடல் பக்கமும் இதே கதைதான். அதனால் நேற்று எங்கெல்லாம் போனீர்கள், போக நினைத்து எதை விட்டீர்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், வார்டு சராசரியை நம்பாதீர்கள். மெயின் ரோட்டு மாடி வீடுகளோடு சேர்த்துக் கூட்டினால் பின்தெரு காணாமல் போய்விடும். சென்சஸில் வருமானம் கேட்பதில்லை, கையில் இருப்பதும் 2011 கணக்கு. பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டையும் ஏழைகளுக்கான முன்னுரிமை அட்டையும் எந்த ரேஷன் கடையில் அதிகம் என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. கிராமங்களில் பேருந்து ஊர் முக்கிலேயே திரும்பிவிடுகிறது. காலனி அதற்கும் அப்பால். வரைபடத்திலோ அது 'பேருந்து வசதி உள்ள ஊர்'.

2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஏறியவர்கள் கணக்கை வைத்துத் தேவையை அளந்துவிடாதீர்கள். பஸ்ஸே வராத தெரு அந்தக் கணக்கில் எப்படி வரும்?

கண்டறிந்ததைப் பத்திரமாகவும் வையுங்கள். 1997ல் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த ஒரு தலைவரின் பெயரால் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. கடைசியில் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களை எல்லாம் எடுத்தார்கள். நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி மாவட்டம் ஆனது அப்போதுதான். எந்தத் தெருவில் எந்தச் சாதி, எந்த மதம் என்ற வரைபடம் ஊர் கையில் சிக்க வேண்டாம். எத்தனை மணிக்கு எங்கே பஸ் வரும் என்பது தெரிந்தால் எங்களுக்குப் போதும்.

படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், பெண்கள் தட்டோடு வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்து, ஒரு நாள் பீடிக் கடை வாசலுக்கு வாருங்கள். உங்கள் கேள்விகளை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மேலப்பாளையத்திலிருந்து ஒரு பீடித் தொழிலாளியின் மகள்