வாசலிலேயே நிறுத்தி வைத்தவளின் நன்றி

எங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியருக்கும், மாதம் தவறாமல் மாத்திரை கொண்டுவரும் தங்கச்சிக்கும், முக்கூடலில் பீடி சுற்றும் ஒருத்தி எழுதிக்கொள்வது.

நர்சம்மா, நீங்கள் முதன்முதலில் வந்த அன்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியவள் நான். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். மடியில் பீடி சுற்றும் சுளகு, நனைத்த இலை காய்கிறது, சாயங்காலம் கடையில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகையும் இந்தச் சுளகும்தான் எங்கள் வருமானம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. நீங்கள் முகம் சுளிக்காமல் மறுவாரமும் வந்தீர்கள்.

பிள்ளைத்தாய்ச்சியான என் மகளுக்கு பிக்மி எண், அதாவது அரசாங்கக் கர்ப்பப் பதிவு எண், பதிந்து கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்தது என்று போயிருக்கலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4தான் என்று வந்ததும், கொடுத்த சத்து மாத்திரை எங்கே என்று கேட்டீர்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் அட்டை அட்டையாகக் கிடந்தது. மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து அவள் விழுங்கவே இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை; இன்றைக்கும் உறுத்துகிறது. நீங்கள் திட்டவில்லை. இரும்புச்சத்து என்றால் அப்படித்தான் போகும், எலுமிச்சைச் சாற்றோடு போடு, அந்த நேரத்தில் டீ, காப்பி குடித்தால் சத்து உடம்பில் சேராது என்றீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றவும் ஏற்பாடு செய்தீர்கள். புகையிலைத் தூள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் கத்தரியை வாங்கி வைத்ததும் நீங்கள்தான். அவள் பங்குப் பீடியையும் நானே சுற்றினேன். விரல் காய்த்தது, போகட்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாயில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் முதல் தவணை வரவில்லை. நாங்கள் போன இடத்தில் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. பதிவைத் திருத்தி வாங்கித் தந்தது நீங்கள்.

தங்கச்சி, சுளகை இறக்கி வைக்கக்கூட விடாமல் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தவள் நீ. தலைசுற்றலைப் பீடி நெடி என்றே வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். வீடு தேடி வந்து பார்த்து மாத்திரை தருவார்கள், மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் அறிவித்தபோது நம்பாதவர்களில் நானும் ஒருத்தி.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள், 2.8 கிலோ. தாயையும் பிள்ளையையும் அரசாங்கத்து 102 வண்டி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டது.

வருகிற புதன்கிழமை ஒன்றரை மாத ஊசி. பிள்ளையை நானே தூக்கி வருகிறேன். இன்னும் நாலு வீடு பாக்கி என்று எப்போதும் மறுத்துவிடுவீர்கள். அன்றைக்கு ஊசி முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், காப்பி போட்டு வைக்கிறேன். உங்களுக்கு மட்டும்தான். மகளுக்குக் கிடையாது.