ஆண்டறிக்கை 2024-25: சனிக்கிழமை அறிவியல்-கைவினை வகுப்புகள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுக் கண்காட்சியில் நாம் முதல் பரிசு கொடுத்தது ஒரு நீர்மின் நிலையத்துக்கு. தெர்மாகோல் அணை, நீலத்தாள் ஆறு, பளிச்சென்று விளக்குகள். செய்த சிறுவனிடம் "தண்ணீர் எந்தப் பக்கமாக வரும் தம்பி?" என்று கேட்டேன். அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா கடைக்காரரைத்தான் பார்த்திருக்க வேண்டும். அவர் அங்கே இல்லை. அந்தப் பரிசுக்குக் கையெழுத்திட்டவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்துவிட்டே இவ்வாண்டு அறிக்கையைத் தொடங்குகிறேன். குழந்தையின் கை படாத எதுவும் இனி மேசைக்கு வராது என்று ஜூன் மாதச் செயற்குழு முடிவு செய்தது. ஆண்டு முழுவதும் நடந்தவை எல்லாம் அந்த ஒரு வரியின் விளைவுதான்.

தஞ்சாவூரில் இரண்டு தொடக்கப் பள்ளிகளின் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை வகுப்புகள் நடந்தன. மழைக்காலத்தில் சில வாரங்கள் விட்டுப்போயின.

முதலில் மஞ்சள். மஞ்சள்பொடியைக் கரைத்து வெள்ளைத்தாளில் பூசி உலர்த்தினோம். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் தூரிகையைத் தோய்த்து வரைந்தால் கோடு சிவப்பாக விழும். எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மீண்டும் மஞ்சளாகிவிடும், அழிப்பான் போல. மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பும் என்று விளக்க ஆயத்தமாக வந்திருந்தோம். அதற்குள் ஒரு சிறுமி, "இது ஆரத்தித் தண்ணீர்தானே?" என்று கேட்டுவிட்டாள். அதற்குமேல் சொல்ல எங்களிடம் அதிகம் இல்லை. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து என்பதால் கிண்ணத்தைப் பெரியவர் ஒருவரே வைத்திருந்தார். இரண்டாம் வாரத்திலிருந்து சோப்புத் தண்ணீருக்கு மாறிவிட்டோம்.

மறுவாரம் ஒரு தாயார் சண்டைக்கு வந்தார். மகனின் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை, சோப்புப் போட்டதும் இரத்தச் சிவப்பாகிவிட்டதாம். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தப் பையனோ, "நல்லா அலசி வெயிலில் போடும்மா, போய்விடும்" என்று சொன்னான். கறை வெளுத்தது. அன்று முதல் பழைய சட்டையில் வரும்படி அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தோம்.

ஆகஸ்ட் 24 சனிக்கிழமையாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். அந்த நாளையொட்டித் தஞ்சையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த கோலுக்குப் பக்கவாட்டில் நிழல் விழாது. ஏப்ரலிலும் ஒருமுறை இப்படி நடக்கும். பிள்ளைகள் இருவர் இருவராகப் பிரிந்து, ஒரே இடத்தில் பாதம் பதித்து நிற்க, மணிக்கொருமுறை ஒருவர் நிழலை மற்றவர் சாக்குக்கட்டியால் வரைந்தனர். 10 மணிக்கு ஆளில் மூன்றில் இரண்டு பங்கு நீளம், 11 மணிக்கு மூன்றில் ஒரு பங்கு, 12 மணிக்குக் காலடியில் ஒரு திட்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய அந்த உருவங்களுக்குச் செங்கற்பொடியும் கரித்தூளும் கொண்டு வண்ணம் தீட்டினார்கள். முற்றம் முழுக்கக் குட்டையான பூதங்கள். நிழல் முற்றும் மறைய 12.16 ஆயிற்று. "உச்சி என்றால் 12 மணிதானே, ஏன் தாமதம்?" என்ற கேள்வி உடனே வந்தது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே 79 பாகை அருகில் இருக்கிறோம், ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 14 நிமிடம் வந்தது. மீதி 2 நிமிடத்தை விளக்கப்போய் நானே குழம்பினேன். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் சீராக இல்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் காரணம் என்று சொல்லி ஒருவாறு தப்பித்தேன்.

தலையாட்டிப் பொம்மை நம் ஊர்ச் சரக்கு என்பதால் எளிதாக முடியும் என்று எண்ணினோம். ஐந்து வாரம் இழுத்தது. கொட்டாங்கச்சியில் களிமண் அடைத்து, மேலே அட்டைக் கூம்பு, அதன்மேல் தலை. பிள்ளைகள் தலையில்தான் ஆசையைக் கொட்டினார்கள்: கிரீடம், கொண்டை, மீசை, எல்லாம் களிமண்ணில். விளைவு, ராஜாக்கள் வரிசையாகக் குப்புற விழுந்தார்கள். ஆசிரியை ஒருவர் விடையைச் சொல்லிவிட வாயெடுத்தார். நான் தடுத்தேன், அதற்காக அவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரம், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் ராணியின் கொண்டையைப் பிய்த்து அடிக்கிண்ணத்தில் அப்பினாள். ராணி எழுந்து நின்றாள். எடையின் மையம், அடியின் வளைவு மையத்துக்குக் (அந்த வளைவை முழு உருண்டையாக நீட்டினால் வரும் நடுப்புள்ளிக்குக்) கீழே இருக்கும்வரை பொம்மை எழும் என்பதை அதன்பிறகு கரும்பலகையில் எழுதினோம். அப்போது எல்லோரும் காகிதத்தைக் கசக்கித் தலை செய்துகொண்டிருந்ததால் யாரும் கரும்பலகையைப் பார்க்கவில்லை. கூராக இருந்த சில கொட்டாங்கச்சிகள் மட்டும் கடைசிவரை ஒருக்களித்தே நின்றன. அவற்றுக்குத் "தூங்குமூஞ்சி ராஜா" என்று பெயர் வைத்து ஏற்றுக்கொண்டோம்.

கிண்ணத்தில் பலூன் தோலை இழுத்துக் கட்டி ரவை தூவி, ஒலியால் கோலம் விழவைக்கும் முயற்சி படுதோல்வி. ரவை துள்ளியது, கோலம் விழவில்லை. அடுத்த ஆண்டு மிருதங்கம் வாசிப்பவர் ஒருவரை அழைத்து, வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், கறுப்புப் பகுதி என்ன வேலை செய்கிறது என்று கேட்க எண்ணம். அந்தப் பூச்சுதான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ந்த ஒலியைத் தருகிறது என்பதை ஆராய்ந்தவர்களில் சர் சி.வி. ராமனும் ஒருவர்.

அவர் 1928இல் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை நிகழ்த்திய பிப்ரவரி 28 அன்று கண்காட்சி நடந்தது. "போன வருடம் போல எடுப்பாக இல்லையே" என்று சில பெற்றோர் குறைப்பட்டார்கள். உண்மைதான், எடுப்பாக இல்லை. பரிசும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மேசையிலும் கேள்விக்குப் பிள்ளையே பதில் சொன்னது. கடையில் வாங்கிய எரிமலை ஒன்று வந்தது. அதை வாசலிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம். இதனால் ஒரு உறுப்பினர் மனம் வருந்தினார் என்று அறிகிறேன். அவரிடம் நேரில் பேசுவேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இடம் தந்த பள்ளிகளுக்கும், கொட்டாங்கச்சி சேர்த்துத் தந்த உணவகத்தாருக்கும் நன்றி. வரும் ஆண்டுக்கு உருண்டையான கொட்டாங்கச்சிகள் தேவை. கூர் இருந்தால் வேண்டாம்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்