இரசாயன ஆலைகளில் பணிக்குச் சேரும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

போபால் என்றதும் நச்சுவாயு கசிந்த 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவுதான் உங்களுக்கு நினைவுக்கு வரும். பல ஆண்டுகள் இரசாயன ஆலையில் ஷிப்ட் பார்த்தவன் நான். அந்த இரவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளையும் படியுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

யூனியன் கார்பைடின் பூச்சிக்கொல்லி ஆலை அது. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். அடுத்த மாதமே மறுபடி பாஸ்ஜீன் கசிந்து 24 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த நிறுவனத்தின் சொந்தத் தணிக்கைக் குழுவே குறைகளை எழுதிக் கொடுத்தது. அக்டோபரில் இன்னொரு கசிவு. தொழிலாளர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி எழுதி எழுதி ஓய்ந்தார்.

அந்த இரவு, தண்ணீர் பட்டால் சூடேறி நச்சுவாயுவைக் கக்கும் மீத்தைல் ஐசோசயனேட் இருந்த 610-ஆம் தொட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. போன பிறகு ஏன் எதுவும் காப்பாற்றவில்லை என்பதில் சர்ச்சையே இல்லை. மீத்தைல் ஐசோசயனேட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டி அந்த ஆண்டு ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் அரித்துப்போன ஒரு துண்டைக் கழற்றியிருந்தார்கள். புதுத் துண்டு மாட்டவில்லை. வாயுவை அடக்கப் பீய்ச்சிய தண்ணீர் அது வெளியேறிய உயரத்தை எட்டவில்லை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. இரவு 10.20-க்குத் தொட்டியில் அழுத்தம் 2 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு). ஷிப்ட் மாறியது. 11 மணிக்கு 10. நாற்பது நிமிடத்தில் ஐந்து மடங்கு! ஆனால் 25 வரை போவது வழக்கம்தான் என்பதால் யாருக்கும் விபரீதமாகப் படவில்லை. பிறகு கண் எரிந்தது, கசிவும் தெரிந்தது. தேநீர் குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷிப்டுக்கு 12 பேர் பார்த்த வேலையை 6 பேர் பார்த்தார்கள். கண் எரிவது அங்கே அன்றாடம். மூன்று ஆண்டுக் கசிவுகள் அவர்களை அப்படிப் பழக்கியிருந்தன. உடனடியாக இறந்தவர்கள் மட்டும் அரசுக் கணக்கில் 2,259 பேர்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: மூன்று ஆண்டுச் சிறு விபத்துப் பதிவேடு, இப்போது ஓடாமல் கிடக்கும் பாதுகாப்புக் கருவிகளின் பட்டியல். ஷிப்டை ஏற்கும்போது இப்போதைய அளவோடு ஒரு மணி நேரத்துக்கு முந்தைய அளவையும் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்ததையும் தேதி போட்டு லாக் புத்தகத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் ஆலைத் தொழிலாளி